காரைக்கால் எல்லையும் எத்துவால் கிளப்பின் கோல்கீப்பரும்

1954 பிப்ரவரியில், சாம்பல் புதனுக்கு முந்தின சனிக்கிழமை, மாயவரத்திலிருந்து காரைக்காலுக்குப் புறப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லி லீவு வாங்கினேன். கால்பந்துப் பந்தயம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் தலைமையாசிரியை என்னை மேலும் கீழும் பார்த்திருப்பார். ஒரு டீச்சரம்மாவுக்குப் பந்தயத் திடலில் என்ன வேலை என்று நீங்களும் கேட்கலாம். எனக்கு அங்கே இருந்த வேலை என் தம்பி சவரிமுத்து.

நாங்கள் காரைக்கால்காரர்கள். அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அப்பா போன பிறகு எனக்கு மாயவரத்தில் வேலை கிடைத்தது. அம்மா என்னோடு வந்துவிட்டாள். சவரி வரவில்லை. எத்துவால் கிளப்பின் கோல்கீப்பர் அவன். அந்தக் கிளப்பை விட்டு அவனைப் பெயர்த்து எடுக்க எங்களால் முடியவில்லை. ஆனால் கிளப் சோறு போடுமா? அந்த வருடத் தொடக்கத்தில் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஆள் எடுக்கிறார்கள், வியட்நாம் சண்டைக்குச் சைகோனுக்கு அனுப்புவார்கள், மார்ச் முதல் தேதி திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று. அங்கே சண்டை எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் தெரியும். அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. திருச்சிப் பக்கம் ஒரு பெரிய பட்டறை. அதற்கென்று ஒரு கால்பந்து டீம் உண்டு. நன்றாக ஆடுகிறவனுக்கு அங்கேயே வேலை போட்டுக் கொடுப்பார்கள். அந்த டீமின் மேனேஜர் என் தோழி ஒருத்தியின் சித்தப்பா. நடையாய் நடந்து, அந்த டீம் காரைக்காலுக்கு வந்து எத்துவாலோடு ஆடுவதற்கு ஏற்பாடு செய்தேன். மேனேஜரே கூட வருவதாகச் சொன்னார். “உங்க தம்பிய நான் கண்ணால பார்க்கணும் டீச்சர். பிடிச்சிருந்தா மறுபேச்சு இல்ல” என்றார். சனிக்கிழமை ஆட்டம். திங்கட்கிழமை கையெழுத்து. நடுவில் ஒரு ஞாயிறுதான் இருந்தது.

எத்துவால் என்றால் பிரெஞ்சில் நட்சத்திரம். கிளிஞ்சல்மேட்டு மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்துக்கொண்டிருந்த பையன்கள் சேர்ந்து ஆரம்பித்தது. கடைத்தெருவில் கைக்கடிகாரக் கடை வைத்திருக்கும் காதர்தான் கேப்டன். பாதிப் பேர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், மீதிப் பேர் எங்களைப் போல மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரர்கள், இரண்டு மூன்று பேர் மீனவக் குடும்பம். சைகோனிலிருந்து லீவில் வந்தவர்கள் பூட்ஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாதி டீம் பூட்ஸ் போட்டும் பாதி டீம் வெறுங்காலிலும் ஆடும். அப்படி ஆடியே நாகப்பட்டினத்தில் கோப்பை வாங்கினார்கள். திருவாரூரில் வாங்கினார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் தோற்றுப்போய் ரெஃபரியைத் திட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். நான்கைந்து வருடம் இந்தப் பக்கத்தில் எத்துவாலை அசைக்க ஆளில்லை.

பிறகு எல்லையில் கெடுபிடி ஆரம்பித்தது. இந்தியப் பக்கம் சுங்கச்சாவடி, வேலி, பர்மிட். காரைக்கால் டீமைக் கூப்பிட்டால் பெட்டி படுக்கையெல்லாம் பிரித்துப் பார்ப்பார்கள், பந்தைக்கூட ஊசி வைத்துக் குத்திப் பார்ப்பார்கள். இந்தத் தலைவலி யாருக்கு வேண்டும்? கூப்பிடுவது நின்றது. ஊருக்குள் எதிர்த்து ஆட இன்னொரு டீம் கிடையாது. ஆடுகிறவர்களும் ஒவ்வொருவராகச் சைகோன், சிங்கப்பூர் என்று கப்பல் ஏறினார்கள். நான் போன அன்றைக்கு எத்துவாலில் பழைய ஆட்கள் ஆறு பேர்தான் மிச்சம்.

மாயவரத்தில் காலை ஏழு மணிக்கு மேல் ரயில் ஏறினேன். பேரளத்தில் இறங்கி காரைக்கால் வண்டிக்கு மாற வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு மொத்தம் பதினோரு அணா. பேரளத்திலிருந்து காரைக்கால் பதினைந்து மைல்கூட இல்லை; ஆனால் எல்லையில் வண்டி நின்றால் எப்போது கிளம்பும் என்று டிரைவருக்கே தெரியாது. அன்று நின்றது. எல்லாரையும் இறக்கினார்கள். பெண்களைச் சோதிக்கக் கீற்றுக் கொட்டகையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். என் பையில் சவரிக்காக வாங்கிய பச்சை பனியன் இருந்தது.

“இது யாருக்கு?”

“என் தம்பிக்கு. பந்து விளையாடுறவன்.”

“அங்க துணி கொண்டு போகக் கூடாதுன்னு தெரியாதா?”

“ஒரு பனியனைக் கொண்டுபோய் நான் ஜவுளிக்கடையா வைக்கப் போறேன்?” என்றேன். வாயை அடக்கியிருக்கலாம். பர்மிட்டை மறுபடி வாங்கி, பிறந்த ஊர் காரைக்கால் என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, யாரைப் பார்க்கப் போகிறேன், எங்கே தங்குவேன், எப்போது திரும்புவேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சொந்த ஊருக்குப் போகிறவளை இப்படி யாராவது கேட்டால் எரிச்சல் வராதா? கடைசியில் பனியனைத் தூக்கி என் பையிலேயே திரும்பப் போட்டாள். வண்டி கிளம்பினபோது எனக்கு வேறு கவலை வந்தது. ஒரு டீச்சருக்கே இந்தப் பாடு என்றால், லாரியில் வரும் பதினைந்து தடி ஆட்களை எப்போது விடுவார்கள்?

காரைக்கால் ஸ்டேஷனில் குதிரைவண்டி பிடித்தேன். கடைத்தெருவுக்கு நாலணா. வண்டிக்காரர் வயசாளி. போஸ்ட்டர் ஒட்டாமலே ஊருக்கே ஆட்டம் தெரிந்திருந்தது.

“திருச்சி டீம் வருதாமுல்ல. வருவானுவளாங்க?”

“வருவாங்க.”

“வரட்டும்ங்க. ஒன்றரை வருசமா வெளியூர் டீமு ஒண்ணும் வரல. இன்னிக்கும் ஆட்டம் நடக்கலன்னா அந்தக் காதர் தம்பி கோல் கம்பத்தைப் புடுங்கிடுவாப்ல.”

கடையில் காதர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். சவரியும் அங்கேதான் இருந்தான். மெலிந்திருந்தான். பனியனைக் கையில் கொடுத்துவிட்டு, “மேனேஜர் உன்னை மட்டும் பார்க்கத்தான் வர்றாரு. ஒழுங்கா ஆடு. ஞாயித்துக்கிழமை என்னோட கிளம்பு” என்றேன். சவரி தலையை ஆட்டினான். காதரின் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை. அவன் ஒரு கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான். “எடுத்துக்கிட்டா திருச்சியிலேயேதான் இருக்கணுமாக்கா?” என்று மட்டும் கேட்டான். “பின்ன? வாரா வாரம் இங்க வந்து கோல் காப்பானா?” என்றேன்.

திடல் அரசலாற்றுப் பக்கம். அடுத்த தெருவிலேயே பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளி மாதா கோவில். எத்துவாலுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதை இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான். ஆட்டத்தின் நடுவில் மாலை ஜெப மணி அடித்தால் பதினொரு பேரும் நின்றுவிடுவார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னாலும் பதினொரு பேரும் நின்றுவிடுவார்கள். மணிக்கு முஸ்லிம் பையன்களும் நிற்பார்கள், பாங்குக்கு எங்கள் பையன்களும் நிற்பார்கள். பந்து எங்கே இருக்கிறதோ அங்கேயே கிடக்கும். முடிந்ததும் ஆடுவார்கள். ஆரம்பித்த நாளிலிருந்தே அப்படித்தான். வெளியூர் டீம் வந்தால் நாணயம் சுண்டும்போதே கேப்டன் இதை எதிர்க் கேப்டனிடம் சொல்லிவிட வேண்டும். அவர்கள் சிரிப்பார்கள், சரி என்பார்கள், நிற்பார்கள். இதனால் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

நாலு மணிக்கு ஆட்டம் என்று பேர். நாலரை ஆயிற்று, லாரி வரவில்லை. திடலைச் சுற்றி ஊரே நின்றது. சிவப்புத் தொப்பி போட்ட பிரெஞ்சு சர்க்கார்ச் சிப்பாய்கள் நாலு பேர் கூட்டத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்று யாராவது கோஷம் போட்டுவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. சவரி கம்பத்தில் சாய்ந்து நின்றான். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. சாவடியில் டயரைக்கூடக் கழற்றச் சொன்னார்களாம். மேனேஜர் இறங்கினதும் முதல் வார்த்தை, “ராத்திரிக்குள்ள திரும்பணும் டீச்சர், சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்லுங்க.”

காதரும் அவர்கள் கேப்டனும் நடுத்திடலில் நாணயம் சுண்டினார்கள். கை கொடுத்தார்கள். ரெஃபரி அவர்களோடு வந்தவர். உடனே விசில் ஊதிவிட்டார்.

சவரி அன்று ஆடின ஆட்டத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியாது, எனக்குப் பாதி நேரம் கண் மூடியிருந்தது. பட்டறை ஆட்கள் மலை மாதிரி இருந்தார்கள். வந்து வந்து மோதினார்கள். சவரி அவர்கள் காலுக்கு நடுவே விழுந்து பந்தைப் பிடுங்கினான். ஒரு தடவை நெற்றி கிழிந்து ரத்தம் வந்தது. பனியன் கையால் துடைத்துவிட்டு நின்றான். முதல் பாதி முடிந்தபோது ஆளுக்கு ஒரு கோல். மேனேஜர் என்னிடம் வந்து, “கையி நல்ல கையி டீச்சர். இன்னிக்கே பேர் எழுதிடலாம்” என்றார். எனக்கு அங்கேயே மண்டி போட்டு ஜெபம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஆறு மணிக்கு மாதா கோவில் மணி அடித்தது. அந்த நேரம் பந்து வெளியே போய்க் கூட்டத்துக்குள் கிடந்தது. எத்துவால்காரர்கள் அசையாமல் நின்றதைப் பட்டறைக்காரர்கள் கவனிக்கவே இல்லை. பந்து வந்து சேரவும் மணி நிற்கவும் சரியாக இருந்தது. நான் மேற்கே பார்த்தேன். சூரியன் பனைகளுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கே ஆரம்பித்தால் அந்திப் பாங்குக்கு முன்னாலேயே ஆட்டம் முடிந்துவிடும். இன்று முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பந்து அவர்கள் சென்டர் ஃபார்வர்டின் காலில் இருந்தபோது பாங்கு ஆரம்பித்தது. எத்துவால் நின்றது. காதர் நின்றான். பேக் ஆடின இரண்டு பையன்களும் அப்படியே நின்றார்கள். அந்த சென்டர் ஃபார்வர்டு ஒரு கணம் திகைத்து ரெஃபரியைப் பார்த்தான். ஆஃப்சைடு கேட்டு நிற்கிறார்கள் என்று நினைத்தானாம், பிறகு சொன்னார்கள். விசில் வரவில்லை. பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடினான். சவரி கம்பங்களுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பந்து அவனுக்கு ஒரு முழம் தள்ளி உள்ளே போயிற்று. “சவரி!” என்று நான் கத்தினது பாங்குச் சத்தத்துக்கு மேல் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ரெஃபரி கோல் என்று ஊதினார். கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. யாரோ கல் எடுத்தார்கள். சிப்பாய்கள் தடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பட்டறைக்காரர்கள் ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டி வட்டமாக நின்றார்கள். அவர்களுக்கு என்ன தப்புச் செய்தோம் என்றே புரியவில்லை. காதர்தான் நடுவில் புகுந்து இரண்டு கையையும் விரித்தான். “கோலு கோலுதான். எல்லாரும் வெளிய போங்க” என்றான். ஊர் அவன் பேச்சைக் கேட்டது. அந்த ஒரு கோலில் எத்துவால் தோற்றது.

மேனேஜர் லாரியில் ஏறப் போனார். பின்னாலேயே ஓடினேன்.

“பந்து வர்றப்ப கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற கீப்பரை நான் பார்த்ததே இல்ல டீச்சர். காசு வாங்கினவன்கூட பாவ்லாவுக்காச்சும் ஒரு குதி குதிப்பான்.”

வழக்கத்தைச் சொன்னேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். “எங்க கேப்டன்கிட்ட யாரும் இதைச் சொல்லலையே. சொல்லியிருந்தா நாங்களும் நின்னிருப்போமே” என்றார். பிறகு, “மனசுல வெச்சுக்காதீங்க. நான் போய் மேல என்னன்னு சொல்லுவேன்? பட்டறை டீமுக்கு விசிலுக்கு நிக்கிறவன்தான் வேணும்” என்றார். லாரி போய்விட்டது.

காதர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வெளியே வரும்வரை தெருவில் நின்றேன்.

“டாஸ் போடுறப்ப நீ சொன்னியா?”

“இல்லக்கா.”

“மறந்துட்டியா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அவன் தலையை அசைத்தான். “மறக்கலக்கா. லேட்டாயிடுச்சு, பாங்குக்குள்ள முடியாதுன்னு தெரிஞ்சுது. ஒரு கோலு போனா அந்த ஆளு இவனை வேணாம்பாருன்னு நெனச்சேன். பட்டாளத்துக்குப் போறேன்னு இவன் சும்மா மெரட்டுறான், போவ மாட்டான்னு நெனச்சேன். இவனும் போயிட்டா டீமே இல்லக்கா.”

“உன் டீமுக்கு என் தம்பி உசிரா?” என்று கேட்டேன். தெரு முழுக்கக் கேட்கும்படிதான் கேட்டேன். அவன் நகரவில்லை. அவனை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை என்பதில் இன்றைக்கும் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் சவரியின் அறைக்கு இருவரும் நடந்து போனோம். காதர் செய்ததை வழியில் சொன்னேன். அவனுக்குத் தெரிந்திருந்தது.

“சொன்னா எதிராளு கேப்டன் ஒரு தடவை பள்ளிவாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பான். எல்லா ஊருக்காரனும் பார்ப்பான். இன்னிக்கு அவன் பார்க்கல. அப்பவே தெரிஞ்சிடுச்சு.”

“தெரிஞ்சுமா நின்னே? அடப் பாவி, ஒரு குதி குதிச்சிருந்தா போதுமேடா!”

“பத்து பேரு நிக்கிறான். நான் மட்டும் குதிக்கவாக்கா? அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்களோட ஆடுறது?”

“இனிமே எங்கடா ஆடப் போறே?” என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வா வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். அம்மாவோடு மாயவரத்தில் சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றான். தனியாக ரயில் ஏறினேன். எல்லையில் அதே அம்மாள் பையைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. அன்று நான் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திங்கட்கிழமை சவரி கையெழுத்துப் போட்டான்.

அந்த வருடக் கடைசிக்குள் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து, இந்த டிசம்பரில் மறுபடி போய் வந்தேன். இப்போது போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பர்மிட் கிடையாது, சாவடி கிடையாது. கீற்றுக் கொட்டகையில் ஒருவர் டீ போட்டு விற்கிறார், நன்றாகவே இருக்கிறது. பேரளத்தில் இணைப்பு வண்டியில் முன்கூட்டியே ஏறிவிடுங்கள், சனிக்கிழமையில் திருநள்ளாற்றுக் கூட்டம் ஏறி நிற்க இடம் இருக்காது. குதிரைவண்டிக்கு ஆறணா ஆகிவிட்டது, பேரம் பேசுங்கள். கடற்கரைக்கு மாலையில் போங்கள். வெயிலில் போய் மண்டையைப் பிளந்துகொள்ளாதீர்கள். கால்பந்து பார்க்க வேண்டும் என்று யாரும் போக வேண்டாம். திடலில் கோல் கம்பம் இல்லை. பக்கத்து ஊர் வரிச்சிக்குடிக்காரர் ஒருவர் வைக்கோல் காயப் போட்டிருக்கிறார்.

காதர் கடைக்குப் போகக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். கால் போய்விட்டது. பழைய மாதிரியே எழுந்து நாற்காலியைத் துடைத்தான். நான் உட்காரவில்லை. கேட்காமலே அவனாகச் சொன்னான். சவரி போன பிறகு மூன்று ஆட்டம் ஆடினார்களாம். ஒவ்வொரு டாஸுக்கும் எதிராளிக்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னானாம். மூன்றாவது ஆட்டத்தில் பாங்கு கேட்டதும் வந்த டீம் நின்றது. எத்துவாலில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள் நிற்கவில்லை, பந்தைக் கொண்டுபோய் கோல் போட்டார்கள். கூட்டமும் கை தட்டியது. “அன்னிக்கு திடலை விட்டு வெளிய வந்தவன்தான்க்கா, அதோட டீமும் கலைஞ்சுது” என்றான்.

“சவரி எழுதுறானா?” என்று கேட்டான்.

“எழுதுறான். சைகோன்லேர்ந்து மாத்திட்டாங்க. இப்ப அல்ஜீரியாவாம். அங்கயும் சண்டையாம்.”

“என்னைப் பத்தி...?”

இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. சவரி எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் அது இருக்கிறது. இந்த வருஷம் காதர் டீம் எப்படி, யார் கீப்பர், எந்த ஊரில் ஆடினார்கள், நீ கேட்டு எழுது என்று. அதைச் சொன்னேன். அதற்கு நான் இதுவரை பதில் எழுதவில்லை என்பதையும் சொன்னேன்.

காதர் கண்ணாடிப் பெட்டிமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றான். ஒரு வாடிக்கைக்காரர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

“நல்லா ஆடுறோம்னு எழுதுங்கக்கா” என்றான். “கீப்பர் மட்டும் சரியில்லன்னு எழுதுங்க.”

மாயவரம் வந்து அப்படியே எழுதித் தபாலில் போட்டேன்.